விரலால் முடுக்கிய போல்ட்

அங்கே இருந்தவர்கள்: சின்னவள், அவளுடைய அண்ணன், அம்மா, மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தெருமுனை மெக்கானிக். அப்புறம் சின்னவளின் பைக். அன்றைக்கு எல்லோரையும்விட அதிகம் பேசியது அதுதான்.

பேசியது என்றால், ஊளையிட்டது. சின்னவள் சாவியைத் திருப்பியதும் சீட்டுக்கு அடியிலிருந்து சைரன் கிளம்பியது. இண்டிகேட்டர்கள் வெட்டி வெட்டி மின்னின. ஸ்டார்ட்டர் பட்டனுக்கு இன்ஜின் அசையவில்லை. ரிமோட்டை அழுத்தினாள். சைரன் அதைச் சட்டை செய்யவில்லை. சாவியை அணைத்த பிறகுதான் வாயை மூடியது.

"காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரி இருக்கும்மா," என்று மாடியிலிருந்து வாத்தியார் குரல் கொடுத்தார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எட்டு மணிக்கு அவள் பார்சல் கிடங்கில் நிற்க வேண்டும். வருடக்கணக்கில் பெட்டி தூக்கிய இடத்தில் இன்று முதல் இரவு ஷிப்டுக்கு அவள்தான் சூப்பர்வைசர். முதல் நாளே வராவிட்டால் அந்த நாற்காலி கைமாறிவிடும். அதற்கு ஏற்கெனவே ஒருத்தன் துண்டு போட்டு வைத்திருந்தான். அந்த நேரத்தில் கிடங்குப் பக்கம் பஸ் கிடையாது.

"வண்டியே வேணாங்குது. ஒரு நாள் போகலன்னா குடி முழுகிடாது," என்றான் அண்ணன், சுவரில் சாய்ந்தபடி.

அவள் மீட்டரைப் பார்த்தாள். கடிகாரம் மூன்றரை என்றது. காலையில் அவள் வீடு திரும்பியபோது அது சரியாகத்தான் ஓடியது. அந்தக் கடிகாரம் தானாகத் தப்பாது. பேட்டரியைக் கழற்றினால்தான் எல்லாம் மறந்து பன்னிரண்டில் ஆரம்பிக்கும். அப்படியானால் மூன்றரை மணி நேரத்துக்கு முன்னால், மத்தியானம் மூன்று மணி வாக்கில், யாரோ அதில் கை வைத்திருக்கிறார்கள். வண்டியில் மாட்டியிருந்த திருட்டுத் தடுப்பு அலாரமும் அதே ஜாதிதான். முற்றத்தில் நிற்கும்போது அவள் அதைப் பூட்டுவதே இல்லை. ஆனால் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அது தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும், ரிமோட்டை மறந்துவிடும், சொந்தக்காரியையும் திருடி என்றே நினைக்கும்.

அதற்குள் மெக்கானிக் கட்டிங் பிளேயரோடு வந்துவிட்டான். வண்டியைத் தொடாமலே தீர்ப்பு சொன்னான்.

"அலாரம் அவுட்டுக்கா. கடைக்குத் தள்ளிட்டுப் போறேன். ஒயரையெல்லாம் வெட்டிட்டுப் புதுசா இழுக்கணும். ரெண்டு மூணு நாள் ஆகும்."

"உன்னை யாரு கூப்பிட்டது?"

"அண்ணன்தான். மத்தியானமே போன் அடிச்சாரு, வண்டி ஸ்டார்ட் ஆகல, சாயங்காலம் வாடான்னு."

மாடியில் வாத்தியார் தொண்டையைச் செருமினார். சின்னவள் மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"மத்தியானம் நான் தூங்கிட்டிருந்தேன். சாவி என் தலகாணிக்கு அடியில இருந்துச்சு. ஸ்டார்ட் ஆகலன்னு உனக்கு யாரு சொன்னது, வண்டியா?"

அண்ணன் மெக்கானிக்கை முறைத்தான். மெக்கானிக் பிளேயரைப் பாக்கெட்டில் செருகினான்.

அலாரத்தை மாட்டியவளே அவள்தான். ரிமோட்டை அதற்கு மறுபடி அறிமுகப்படுத்த, டேங்குக்கு அடியில் ஒளித்து வைத்த சின்ன பட்டனைத் தேடிப் பிடித்தாள். சாவியைத் திருப்பினாள். சைரன் அலறட்டும் என்று விட்டுவிட்டு, மின்னும் சிவப்பு விளக்கு நிலைத்து நிற்கும்வரை பட்டனை அழுத்திப் பிடித்தாள். பிறகு ரிமோட். பீப் என்று ஒரு சத்தம், முற்றம் அமைதியானது. ஸ்டார்ட்டரை அழுத்தினாள். இன்ஜின் ஒரு முக்கு முக்கியது, மீட்டர் இருண்டது, மறுபடி ஊளை. அவள் சாவியை அணைத்தாள்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். "நடக்கற கதையைப் பாரு. போய்ப் படு."

மீட்டர் ஏன் இருண்டது? சின்னவள் பக்கவாட்டு மூடியைக் கழற்றி பேட்டரி முனையைத் தொட்டாள். போல்ட் விரலுக்கே சுழன்றது. ஸ்டார்ட்டர் இழுக்கும்போதெல்லாம் அங்கே தொடர்பு விட்டுப்போகிறது. அலாரம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

"ஸ்பானர் குடு," என்றாள். மெக்கானிக் யார் முகத்தையும் பார்க்காமல் கொடுத்தான்.

"விரலால முடுக்கி வச்சிருக்கே அண்ணா. திருட்டு வேலையக்கூட உனக்கு ஒழுங்கா முடிக்கத் தெரியல."

"ஆமாண்டி, நான்தான் கழட்டினேன். என்ன இப்போ? ராத்திரி பூரா ஆம்பளைங்கள வேலை வாங்கப் போறாளாம். நாலு பேர் என்ன கேக்குறாங்க தெரியுமா?"

"அந்த நாலு பேரையும் வரச் சொல்லு. ஷிப்டுக்கு ஆள் பத்தல."

போல்ட்டை இறுக்கினாள். மறுபடி சாவி, பட்டன், ரிமோட், பீப். இந்த முறை இன்ஜின் ஒரே அழுத்தில் எழுந்தது. அண்ணன் பாய்ந்து வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

"கேட்டைத் தாண்டினா கதவைப் பூட்டிடுவேன். அப்புறம் இந்த வீட்டுப் பக்கம் வராதே!"

"பூட்டிக்கோ. கையை எடு."

எடுக்கவில்லை. இவ்வளவு நேரமும் வாசற்படியில் நின்ற அம்மா, கையிலிருந்த சாவிக்கொத்தைக் குலுக்கினாள்.

"இந்த வீட்டைப் பூட்டறது என்னிக்கும் நான்தான்டா," என்றாள். "நீ கிளம்பு சின்னவளே. காலையில நீ வந்ததும் இவனை உள்ள விட்டுக்கறேன்."

அம்மா உள்ளே போய்க் கதவை இழுத்தாள். "அம்மா! அம்மா, விளையாடாதே!" அண்ணன் ஹேண்டில்பாரை விட்டுவிட்டுப் படியை நோக்கி ஓடினான். வண்டி கேட்டைத் தாண்டியது. கண்ணாடியில் சின்னவள் பார்த்தாள்: அவன் முதல் படியில் கால் வைப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு சுற்று திரும்பிய சத்தம் இன்ஜினை மீறித் தெருவரை கேட்டது.