ஊசி காட்டிக்கொடுக்கமாட்டாள்

மூன்று ஞாயிறுகளாக அவளால் ஆட்டத்துக்குப் போக முடியவில்லை. மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் இவளோடு வேலை பார்த்தவள் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். அவளுடைய ஷிப்டும் இவள் தலையில் விழுந்தது. நாலாவது ஞாயிறு மதியம், சீருடையைக்கூட மாற்றாமல், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள்.

அந்த மேஜையில் இரண்டு வருடமாக ஒரே கதை ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் கதையை நடத்துவார். மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள்; சிக்கலான இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். அக்கா சூனியக்காரி. இவள் கணவன் போர்வீரன். அத்தானின் சிநேகிதரான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வைத்தியர். இவள், 'ஊசி' என்கிற திருடி. எந்தப் பூட்டையும் திறப்பாள். கழுத்தில் கத்தியை வைத்தாலும் கூட வந்தவர்களைப் பற்றி வாய் திறக்கமாட்டாள்.

உட்கார்ந்து, ஊசியின் விவரங்கள் எழுதிய தன் தாளை எடுத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊசியின் பெயருக்குக் கீழே யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்: 'கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்டாள். சன்மானம், ஒரு மாளிகை.'

"இது என்ன?"

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "நீங்க வரலை, அதனால ஊசியை நான் ஆடினேன். கதைக்கு ஒரு துரோகி தேவைப்பட்டுச்சும்மா."

"அதுக்கு உங்க வைத்தியர் கிடைக்கலையா?"

"அவர் எப்படி... அவர் நல்லவராச்சே."

"அப்ப ஊசி கெட்டவளா? நான் அங்க முதுகு ஒடிய நின்னுக்கிட்டு ஊர்ப்பட்ட எலும்பைப் படம் பிடிச்சிட்டிருக்கேன். நீங்க இங்க சாவகாசமா உக்காந்து அவ பேரைக் கெடுத்திருக்கீங்க!"

"விளையாட்டுதானேடி," என்றாள் அக்கா.

"விளையாட்டுன்னா உன் சூனியக்காரியை வெச்சு விளையாடியிருக்கலாமே. இல்லாதவ தலையில மிளகாய் அரைக்கிறதுதான் விளையாட்டா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று ஞாயிறும் கணவன் இங்கேதான் இருந்தான். ஆட்டம் எப்படிப் போச்சு என்று கேட்டபோதெல்லாம் 'வழக்கம்போலதான்' என்றான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானா? நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதைத்தான் கேக்குறேன். ஏன் ஒண்ணும் சொல்லலை?"

அவன் பகடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அத்தான் ரப்பரை நீட்டினார். "கோவிச்சுக்காதம்மா. அழிச்சிரலாம். மூணு வாரமும் நடக்கவே இல்லைன்னு வெச்சுக்கலாம்."

"வேண்டாம் அத்தான். அழிச்சா நீங்க பண்ணினதும் சேர்ந்து அழிஞ்சிரும். இப்ப எல்லாரும் எங்க இருக்கீங்க?"

"எதிரியோட பாதாளச் சிறையில," என்று முனகினாள் அக்கா.

"சரி. ஊசி அங்க வர்றா."

ஒவ்வொரு சிறைக் கதவின் முன்னும் ஊசி ஒரே கேள்வியைக் கேட்டாள்: "நான் அப்படிச் செய்வேன்னு நம்பினீங்களா?" சூனியக்காரி தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள். வைத்தியர் இரண்டு முறை கேட்டார், ஒருமுறை பாத்திரத்தின் குரலில், ஒருமுறை கடைக்காரரின் குரலில். இரண்டு முறை பகடை உருண்டது. இரண்டு பூட்டுகளும் திறந்தன. போர்வீரன் மட்டும் வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்தான்.

"கேக்கலை," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பூட்டை அப்படியே விட்டுவிட்டாள்.

திரும்பும் பேருந்தில் அவன், "நான் சொல்லியிருக்கணும்," என்றான்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவங்க முன்னாடி சொல்லுங்க."

அந்த வாரம் முழுக்க வீட்டில் அவசியத்துக்கு மட்டும்தான் பேச்சு.

அடுத்த ஞாயிறு அவன் மேஜையருகே உட்காராமல் நின்றான். "ஊசி காட்டிக்கொடுக்கமாட்டான்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா அவளைத் துரோகியாக்கி நீங்க எல்லாரும் சிரிச்சப்ப நானும் சேர்ந்து சிரிச்சேன். அது தப்பு."

"சிரிக்க வேற செஞ்சீங்களா?"

அவள் பகடையை எடுத்தாள். போர்வீரனின் பூட்டுக்காக உருட்டினாள். இரண்டு விழுந்தது. பூட்டு அசையவில்லை.

"பரவாயில்லைம்மா, திறந்ததாவே எடுத்துக்கலாம்," என்றார் அத்தான்.

"யாரைக் கேட்டு? விழுந்தது விழுந்ததுதான்."

போர்வீரன் இன்னும் ஒரு வாரம் சிறையிலேயே கிடந்தான்.