அணியத்தில் ஒரு ‘இன்’

எமிலியானுஸ் ஆங்கிலச் சொற்களை வள்ளம் கட்டுவதுபோலத்தான் கட்டினான். முன்னால் அணியம், நடுவில் உடல், பின்னால் கடையார். ‘இன்’ என்ற துண்டை அணியத்தில் பூட்டினால் போதும், சொல் அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரிவது, இன்விசிபிள், தெரியாதது. கரெக்ட் சரி, இன்கரெக்ட் பிழை. மன்னாரில் வெள்ளைக்காரத் துரையின் அலுவலகமான கந்தோர் வாசலில் மற்றவர்களுக்குப் பெட்டிசம், அதாவது மனு, எழுதிப் பிழைத்தவன், இப்படியே நானூறு சொற்களைக் கொப்பியில் சேர்த்திருந்தான். அவனிடம் அகராதி இல்லை. யாரையும் கேட்கும் பழக்கமும் இல்லை.

தாராபுரத்து ஆசியா உம்மா வந்தாள். முத்துச்சிப்பி விளையும், போகத் தடையான முத்துப்பார்க் கடலுக்குள் காற்று இழுத்துப்போன அவளுடைய வள்ளத்தைக் கந்தோர் பிடித்து வைத்திருந்தது. வீட்டில் ஐந்து பேருக்கும் அந்த வள்ளம்தான் சோறு.

“பெறுமதியில்லாத வள்ளமெண்டால் துரை திருப்பித் தருவாராம், தம்பி. நல்லதெண்டால் ஏலமாம். ஓட்டை வள்ளமெண்டு எழுதுங்கோ. நாலு இடத்தில சாக்கு வச்சு அடைச்சிருக்கு.”

“ஓட்டை, சாக்கு எண்டெல்லாம் எழுதினால் துரை சிரிப்பார், உம்மா. இதுக்கொரு பெரிய சொல் இருக்கு.”

வால்யுபிள் என்றால் பெறுமதியானது. அணியத்தில் ‘இன்’னைப் பூட்டினான். இன்வால்யுபிள். ஒருமுறை எழுதியது போதாதென்று மூன்று இடத்தில் எழுதினான்.

நாலாம் நாள் கந்தோர்க் கிளாக்கர் கிறகரி பெட்டிசத்தோடு வெளியே வந்தார். சிரிப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“டேய், விலை சொல்லவே ஏலாத அளவு உயர்ந்த வள்ளமெண்டு மூண்டு தரம் எழுதியிருக்கிறாய். துரை ஏலத்துக்குப் போட்டிட்டார்.”

“‘இன்’ எண்டால் இல்லையெண்டுதானே, ஐயா?”

“அப்ப விலைமதிப்பற்றது எண்டால் தமிழில குப்பையோடா?”

பெருக்கமரத்தடியில் காத்திருந்த ஆசியா உம்மா எழுந்து வந்தாள்.

“என்னவாம், தம்பி?”

“துரைக்கு மனமிரங்கேல்லை, உம்மா.”

விலைமதிப்பற்ற வள்ளத்தைப் பார்க்கத் தோட்டவெளியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சாக்கு அடைப்பைக் கண்டதும் கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. கடைசியில் சுண்ணாம்புச் சூளைக்காரன் விறகுக்கு எடுத்தான். கோடரியின் முதல் வெட்டு அணியத்தில் விழுந்தது.

எமிலியானுஸ் கொப்பியைத் திறந்து, நானூற்றொன்றாவது சொல்லான இன்வால்யுபிளுக்கு நேரே சரியான அர்த்தத்தை அழகாக எழுதினான்.

“நீங்கள் என்ன செய்யிறது, தம்பி? பெரிய சொல்லெல்லாம் போட்டுத்தானே எழுதினீங்கள்” என்றாள் ஆசியா உம்மா.

“ஓம், உம்மா” என்றான்.