கெட்ட செய்தி சொல்லும் முறை

சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தின் முன்கூடத்தில் முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. இருபத்தொன்பதில் ஆட்கள் இருந்தார்கள். முப்பதாவதுக்கு ஒரு கால் இல்லை. சின்ன சிஸ்டர் சுவரோரமாக நின்றாள். கையில் பதினேழாம் எண் டோக்கனும், நாலாக மடித்த ஒரு சுற்றறிக்கையும்.

"சின்ன" என்பது வயதைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. ஆஸ்பத்திரியின் வலி நிவாரணப் பிரிவில் அவள் சேர்ந்தபோது அங்கே பெரிய சிஸ்டர் ஒருவர் இருந்தார். அவர் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இவளுக்கு ஐம்பத்திரண்டு முடிந்துவிட்டது. பெயருக்கு மட்டும் இன்னும் பதவி உயர்வு வரவில்லை.

சுற்றறிக்கை நாலே வரிதான். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வீடு தேடிப் போகும் வண்டி நிறுத்தப்படுகிறது. நோயாளிகள் வலி மாத்திரையைத் தலைமை ஆஸ்பத்திரிக்கு நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும். அவளுடைய பட்டியலில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். நாற்பத்தொரு பேரும் படுக்கை. எழுந்து வரக்கூடியவர்களாக இருந்தால் அந்த வண்டியே எதற்கு என்று எழுதியவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

இருந்தாலும் அவளுக்குப் பெரிய கவலை ஒன்றுமில்லை. வண்டியை ஆரம்பித்த டாக்டரம்மாவேதான் இன்று இந்தத் தொகுதியின் உறுப்பினர். சுகாதாரக் குழுவிலும் இருக்கிறார். விஷயம் அவர் காதுக்குப் போயிருக்காது, போனால் ஒரே போனில் முடிந்துவிடும் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். ஓட்டுநர் வெளியே வண்டியில் கால் நீட்டிப் படுத்திருந்தார். நீ போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா, நான் அதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுடறேன் என்றார்.

பதினான்காம் எண்காரர் வெளியே வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாலும் முகம் தெளிந்திருந்தது. அவர் தெருவில் நாலு வருடமாகச் சாக்கடை வழிகிறது என்று உள்ளே போகும்போது எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பக்கத்தில் இருந்தவர் என்ன ஆச்சு என்று விசாரித்தார்.

"அது ஆகாதாம்ங்க. இப்போதைக்கு வழியே இல்லையாம்."

"அப்புறம் ஏன்யா சிரிக்கிற?"

"என்னமா சொன்னாங்க தெரியுமா? கைய புடிச்சுக்கிட்டு சொன்னாங்க. பெத்த பொண்ணு கூட என்கிட்ட அவ்வளவு நேரம் பேசினதில்ல."

சின்ன சிஸ்டருக்குப் பெருமையாக இருந்தது. டாக்டரம்மா மாறவே இல்லை.

டாக்டரம்மா ஆரம்பத்தில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். ஆபரேஷன் தியேட்டரில் நோயாளி தூங்கினதும் அவர் வேலை பாதி முடிந்துவிடும். பேசத் தெரிந்த மனுஷி, தூங்குகிறவர்களோடு எவ்வளவு நாள் இருப்பார்? துணி அறைக்குப் பக்கத்தில், யாரும் வேண்டாம் என்று ஒதுக்கின ஒரு அறையைக் கேட்டு வாங்கி வலி நிவாரணப் பிரிவு என்று பலகை மாட்டினார். கொசு மருந்து அடித்து ஓய்ந்துபோன ஒரு வேனையும் கேட்டு வாங்கினார். முதல் இரண்டு வருடம் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ஜனங்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். பதினோரு வருடம் டாக்டரம்மா, சின்ன சிஸ்டர், ஓட்டுநர் மூன்று பேருமாக ஊரிலுள்ள தெருவை எல்லாம் அந்த வண்டியில் அளந்தார்கள். புண்ணைக் கழுவினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். வலிக்குப் பத்துக்கு எவ்வளவு மார்க் போடுவீங்க என்று கேட்பது டாக்டரம்மாவின் வழக்கம். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்திலும் தேறாதவர்கள்கூட அங்கே ஒன்பது, பத்து என்று வாங்கினார்கள்.

அதனால் தேர்தல் வந்தபோது எல்லாக் கட்சிக்காரன் வீட்டிலும் அவர் உட்கார்ந்து எழுந்த கட்டில் ஒன்று இருந்தது. ஒரு கட்சியில் இரண்டு பேர் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள், தலைவர் கடுப்பாகி டாக்டரம்மாவை நிறுத்திவிட்டார். மேடையில் அவர் எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. எல்லாம் சரியாயிடும்னு பொய் சொல்ல மாட்டேன், கடைசி வரைக்கும் கூட இருப்பேன் என்று மட்டும் சொன்னார். கூட்டம் அழுதது. பாலம் கட்டித் தருகிறேன் என்றவர் தோற்றுப்போனார்.

சபைக்குப் போய் இரண்டு வருடத்தில் அவருக்கு நல்ல பெயர். யாருக்காவது மந்திரி பதவி இல்லை, சீட்டு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால் தலைவர் டாக்டரம்மாவைத்தான் அனுப்புவாராம். போய்ச் சொல்லிவிட்டு வருவாராம். கேட்டவர்கள் கட்சி மாறாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார்களாம். இதெல்லாம் ஓட்டுநர் டீக்கடையில் சேகரித்த செய்திகள்.

பதினேழு என்று கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா எழுந்து வாசல்வரை வந்தார். இரண்டு கையாலும் சின்ன சிஸ்டரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். உதவியாளரை வெளியே அனுப்பினார். கதவைச் சாத்தினார். போனை அணைத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார். பெரிய மேஜைக்குப் பின்னால் போகாமல், ஒரு நாற்காலியை இழுத்து, முழங்கால் தொடுகிற தூரத்தில், அதே உயரத்தில் உட்கார்ந்தார்.

சின்ன சிஸ்டருக்கு இது ஏதோ தெரிந்த வரிசையாகப் பட்டது. என்னவென்று உடனே பிடிபடவில்லை.

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா சிஸ்டர்? முழங்கால் வலி எப்படி இருக்கு?"

நல்லா இருக்காங்க, அது இருந்துக்கிட்டே இருக்கு என்றாள். மடியில் சுற்றறிக்கையைப் பிரித்தாள். டாக்டரம்மா அதைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்.

"இந்த விஷயத்துல நீங்க இதுவரைக்கும் என்ன புரிஞ்சு வச்சிருக்கீங்க?"

அப்போது பிடிபட்டது. வருடத்துக்கு இரண்டு தடவை புதிய டாக்டர்களுக்கு வகுப்பு நடக்கும். கெட்ட செய்தி சொல்லும் முறை என்று கரும்பலகையில் எழுதுவார் டாக்டரம்மா. கதவு, போன், நாற்காலி. பிறகு, அவர்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று கேட்பது. வகுப்பில் டாக்டராக டாக்டரம்மாவே நடித்துக் காட்டுவார். நோயாளியாக நடிப்பது சின்ன சிஸ்டர். பதினோரு வருடத்தில் இருபத்திரண்டு முறை அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கு இல்லாத புற்றுநோயைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்து எச்சரிக்கை வாக்கியம் வர வேண்டும்.

"நான் நினைச்ச மாதிரி அமையல சிஸ்டர்."

வந்துவிட்டது. இனி விஷயத்தைச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

"கட்டடம் கேட்டேன். இருபது படுக்கை, வலிக்குன்னே தனியா. குழுவுல ஒத்துக்கல. வண்டிய விட்டுக் கொடுத்தா தர்றோம்னாங்க. நான்தான் சரின்னேன். அந்தக் காகிதத்துல என் கையெழுத்து இருக்கு."

பிறகு டாக்டரம்மா பேசவில்லை. இந்த இடத்தில் பேசக் கூடாது. மௌனத்தை அடைக்கப் பார்க்காதீங்க, மனசுக்குள்ள ஏழு வரைக்கும் எண்ணுங்க என்று வகுப்பில் சொல்லுவார். சின்ன சிஸ்டரும் எண்ணினாள். அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. சண்டை போட்டிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு முறை பழகின வாய் அதன் பாட்டுக்கு நோயாளியின் வசனத்தைச் சொல்லிவிட்டது.

"எவ்வளவு நாள் டாக்டர்?"

"மாசக் கடைசி வரைக்கும்."

டாக்டரம்மாவின் கை அவள் கை மேல் வந்து உட்கார்ந்தது. இதமான கை. அந்தக் கையில் ஒரு நடிப்பும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. இவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. வகுப்பில் அது வராது.

"நாலாவது மாடிக்காரர் எப்படி வருவார்?" என்று கேட்டாள் சின்ன சிஸ்டர். இது எந்த வகுப்பிலும் இல்லாத கேள்வி. நாலாவது மாடிக்காரர் டாக்டரம்மாவே சேர்த்த நோயாளி. முதுகுத் தண்டில் கட்டி. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை.

டாக்டரம்மா பிடித்த கையை விடவில்லை.

"தெரியல சிஸ்டர்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படக் கூடாது என்பதும் பாடத்தில் இருந்தது.

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். கட்டடம் வந்ததும் தலைமை நர்ஸ் வேலைக்கு அவள் பெயரைச் சொல்லுவதாகவும், எந்த நேரமும் போன் பண்ணலாம் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். கட்டடம் எப்போது வரும் என்பதற்கும் தெரியாது என்றே உண்மையைச் சொல்லியிருந்தார். பதினெட்டாம் எண்காரி எழுந்தபடியே, நடந்துச்சாக்கா என்று கேட்டாள். நடக்கல என்றாள். சொல்லும்போதுதான், தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெளிந்த முகத்தோடு நிற்பது தெரிந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். தெளிவு போகவில்லை.

வண்டியில் ஓட்டுநர் எழுந்து உட்கார்ந்து, என்ன, போன் போட்டாங்களா என்றார்.

"போனை அணைச்சுட்டாங்க."

பதினோரு வருடம் டாக்டரம்மா கூட வந்த ஆள். மேலே ஒன்றும் கேட்காமல் சாவியைத் திருகினார்.

நாலாவது மாடி வீட்டுக்கு அறுபத்தெட்டுப் படி. அந்த வீட்டுக்காரர் முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஊரில் பாதி லிஃப்டுகள் அவர் கை பட்டவை. அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அவருடைய மனைவி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். மத்தியானம் ஒரு மணி நேரம் ஓடி வந்து அவரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போவாள். இவர்கள் போனபோது அவள் இருந்தாள்.

சின்ன சிஸ்டர் கதவைச் சாத்தவில்லை, உட்காரவில்லை, என்ன புரிந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. மருந்துப் பை தோளிலேயே தொங்க, அடுத்த மாசத்திலிருந்து வண்டி வராது, மாத்திரைக்கு நீங்கதான் ஆஸ்பத்திரிக்கு வரணும் என்று நின்ற இடத்திலேயே சொன்னாள்.

நான் போய் வாங்கிட்டு வர முடியாதா என்றாள் மனைவி. ஆளைப் பார்க்காமல் கொடுக்க மாட்டார்களாம், எழுதியிருக்கிறது என்றாள் சின்ன சிஸ்டர்.

படுத்திருந்தவர் கூரையைப் பார்த்தபடி, தன்னைப் படியில் இறக்குவதைக் கணக்குப் போட்டார். தொழில்காரர் யோசனை.

"ஆள இறக்குறதுக்கு முன்னாடி வெறும் பாரத்த இறக்கிப் பார்க்கணும்" என்றார். "வண்டிக்காரரே, நீங்க என்ன எடை இருப்பீங்க?"

"உங்களவிட ஒரு மடங்கு கூட இருப்பேன் அண்ணே."

"பரவாயில்ல. ஜாஸ்தி வச்சுத்தான் சோதனை போடுவோம்."

சமையலறை நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ஓட்டுநர் உட்கார்ந்தார். அவர் இடுப்பைப் பழைய புடவையால் நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டினாள் மனைவி. எதிர்வீட்டுத் தையல்காரரும் அவளும் முன்கால்களைப் பிடித்தார்கள். சின்ன சிஸ்டர் பின்பக்கம். நோயாளிக்குக் காலில் அசைவில்லை என்பதால் ஓட்டுநரும் காலை அசைக்கக் கூடாது என்று உள்ளேயிருந்து உத்தரவு வந்தது. எட்டுப் படி இறங்கினார்கள். முதல் வளைவில் நாற்காலியின் பின்கால் கைப்பிடிக் கம்பிக்குள் போய் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஓட்டுநர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தொங்கும் கால்களை அசைக்காமல் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார். கீழேயிருந்து காய்கறிப் பையோடு ஏறி வந்த ஒருவர் வழி கிடைக்கட்டும் என்று சுவரோடு ஒட்டி நின்றார். மனைவி பிடியை மாற்றிக்கொண்டாள்.

திறந்த கதவு வழியாகக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"கம்பி சத்தம் கேட்டுச்சு. இழுக்காதீங்க. இடது பக்கம் அரை அடி தூக்குங்க, தானா விடும். நிதானமா வாங்க, இன்னும் ஆறு வளைவு இருக்கு."