உள்ளேன் டீச்சர்

ஆசிரியர் வேலையைப் பற்றி அவள் இரண்டு வருடம் கல்லூரியில் விழுந்து விழுந்து படித்ததையெல்லாம், பெரிய டீச்சர் முதல் நாள் முதல் மணியிலேயே தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார்.

"பாடம் நடத்தறது எல்லாம் அப்புறம்மா. முதல்ல ரிஜிஸ்டர். ஒரு பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்டா, முதல் பீரியட் முடியறதுக்குள்ள வீட்டுக்கு போன் பண்ணணும், படிவம் எழுதணும், மூணு பேர் கையெழுத்துக்கு அலையணும். உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி? மணி அடிச்சதும் எல்லாருக்கும் வந்ததா போட்டுடு. லேட்டா வர்றதுங்க எப்படியும் வந்து சேர்ந்துடும்."

அவள் பயிற்சிக்கு வந்தவள். பிள்ளைகள் வாயில் சின்ன டீச்சர். மூன்று மாதம் முடிந்ததும் பெரிய டீச்சர் நாலு வார்த்தை நல்லதாக எழுதிக் கொடுத்தால்தான் வேலை. தலையை ஆட்டிவைத்தாள். இரண்டே வாரத்தில் கை பழகிவிட்டது. பேர் கூப்பிடுவது கூடக் கிடையாது. முப்பத்தெட்டு பேருக்கும் மேலிருந்து கீழே பேனா ஒரே ஓட்டமாக ஓடும்.

அந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்கு 'வானொலி' என்று பட்டப்பெயர். காலையில் திறந்த வாயைச் சாயங்காலம்தான் மூடுவாள். பின்னங்கள் பாடத்தைச் சின்ன டீச்சர் மூன்று தடவை ஆரம்பித்து, மூன்று தடவையும் அவள் வாய்க்குப் பலி கொடுத்திருந்தாள்.

பயிற்சியின் கடைசி வாரத்துக்கு முந்தைய வாரம், வியாழக்கிழமை, வகுப்பு கப்சிப் என்று இருந்தது. பாடம் ஒரே மூச்சில் முடிந்தது. நமக்கும் பிள்ளைகளை அடக்க வந்துவிட்டதே என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. மூன்றாவது பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்ததைக் கண் பார்க்கத்தான் செய்தது. ஆனால் காலையிலேயே பேனா ஓடியாகிவிட்டது. மத்தியானமும் ஓடியது.

சாயங்காலம் அவள் தலைமையாசிரியர் அறையில் நின்றிருந்தபோது வானொலியின் அம்மா வந்தாள். ஆலையில் போடும் நீல மேலங்கியைக் கூடக் கழற்றவில்லை.

"சார், பொண்ணு இன்னும் வீட்டுக்கு வரல."

தலைமையாசிரியர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "ரெண்டு வேளையும் வந்திருக்காளே." சின்ன டீச்சர் பக்கம் திரும்பினார். "என்னம்மா, வந்தாளில்ல?"

மேஜை மேல் அவளுடைய நன்மதிப்பு அறிக்கை கிடந்தது. பெரிய டீச்சர் கையெழுத்துப் போட்டாயிற்று. பாக்கி இவர் கையெழுத்துதான். எங்கேயாவது தோழி வீட்டில் கதையடித்துக்கொண்டிருக்கும், இருட்டுவதற்குள் வந்துவிடும் என்று மனசு சமாதானம் சொன்னது. அந்த மனசை என்ன சொல்லித் திட்டுவது?

"வந்தா சார்."

அவ்வளவுதான். போலீசும் அக்கம்பக்கத்தாரும், சாயங்காலம் பிள்ளைகள் வீடு திரும்பும் வழியெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தார்கள். பேருந்து நிறுத்தம், பூங்கா, பெரிய சாலை. காலையில் நேரமானால் அவள் தனியாக ஓடி வரும் குறுக்குப் பாதையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பள்ளிக்கு வந்து சேர்ந்தவளை அங்கே ஏன் தேட வேண்டும்?

மறுநாள் காலை வானொலியின் பக்கத்து இடத்துப் பெண் எழுந்து நின்றாள். "டீச்சர், அவ நேத்தும் வரல, இன்னைக்கும் வரல."

சின்ன டீச்சர் ஓடினாள். தலைமையாசிரியரிடம், அவள் நேற்று வரவே இல்லை என்று மட்டும் சொன்னாள். யாரோ ஒரு பிள்ளை அவள் பேருக்கு உள்ளேன் சொல்லியிருக்கும் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். குறுக்குப் பாதையில் பாதி கட்டி நின்றுபோன கட்டடம். லிப்டுக்குத் தோண்டிய குழி. கால் முறிந்திருந்தது. உயிர் போனது விடியற்காலையில்தான் என்றார் டாக்டர்.

அடுத்த வெள்ளிக்கிழமை, வகுப்பு அலமாரியில் இருந்த மகளின் நோட்டுகளை வாங்கிப்போக அம்மா வந்தாள். பயிற்சிக்கு அதுதான் கடைசி நாள். கையெழுத்தான அறிக்கை சின்ன டீச்சரின் பைக்குள் இருந்தது.

அம்மா நோட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள். "அன்னைக்கு அவ பேருக்கு யாரு உள்ளேன் சொன்னது? நான் திட்ட மாட்டேன். தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

பெரிய டீச்சர் கொஞ்சமும் கூசாமல் பக்கத்து இடத்துப் பெண்ணைக் காட்டினார். "வேற யாரு? கூட உக்கார்ற இதுதான். விளையாட்டா குரல் குடுத்திருக்கும்."

பத்து வயதுப் பிள்ளை. "நான் இல்ல, சத்தியமா நான் இல்ல" என்று விக்கி விக்கி அழுதது. மற்ற முப்பத்தாறு தலைகளும் அதன் பக்கம் திரும்பின.

சின்ன டீச்சர் அந்தப் பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றாள். "அவ இல்லம்மா. நான். பேரே கூப்பிடல. நானா போட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் உங்க முன்னாடி வந்தான்னு சொன்னேனே, அதுவும் தெரிஞ்சே சொன்ன பொய்."

பெரிய டீச்சரின் முகம் கறுத்தது. அம்மா அடிப்பாள், கத்துவாள் என்று சின்ன டீச்சர் எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்று கூட இருந்தது.

"அவ வாயை மூட மாட்டாளே டீச்சர்" என்றாள் அம்மா. "ராத்திரி பூரா கூப்பிட்டுக்கிட்டே இருந்திருப்பா."

நோட்டுகளைச் சரியாக அடுக்கிக்கொண்டு வெளியே போனாள்.