அவள் கன்னத்தில் ஒரு கறை

முதலில் கன்னத்தில்தான் இருந்தது. மிளகளவு பழுப்புக் கறை. அடுத்த வாரம் பார்த்தபோது கண் வரை ஏறியிருந்தது.

பழைய படச்சுருள்களைத் துடைத்து, ஒட்டி, சரிசெய்து தருவது அந்தக் கறையைக் கண்டவளின் தொழில். வீட்டின் கீழறைதான் பட்டறை. மாடியில் அவள் குழந்தை தூங்கும். இப்போது மேசையில் இருந்தது ஒரு பேசாத படத்தின் கடைசி ரீல். கதாநாயகி கதவருகே நின்று திரும்பிப் பார்ப்பாள். கறை அந்தப் பார்வை பதிந்த ஒரு ஃபிரேமில், முகத்தில் மட்டும்தான். முன்னும் பின்னும் படம் பளிச்சென்று சுத்தம்.

அவளுக்கு மண்டை காய்ந்தது. ஈரம் பட்டிருந்தால் ஓரத்திலிருந்து அரித்து வரும். கீறல் என்றால் மழைக்கோடு போல நீளமாக ஓடும். பூஞ்சை என்றால் சுருளின் அடுத்தடுத்த சுற்றுகளிலும் ஒட்டும். இதுவோ மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்த அழகான முகத்தைத் தேடிப் பிடித்துத் தின்றது.

அண்ணனிடம் சொன்னாள். கல்யாணமே வேண்டாமென்று அவளோடு தங்கிவிட்டவன் அவன். பழைய நடிகைகள் என்றால் உயிரை விடுவான். யார் எந்தப் பக்கம் திரும்பினால் வெளிச்சம் மூக்கில் எப்படி விழும் என்று சாப்பாடு ஆறும்வரை பேசுவான். கறையைக் காட்டியபோது மட்டும் பேச்சு நின்றுபோனது. கண்ணு பட்டிருக்கும் என்று சொல்லிவிட்டு நழுவினான்.

மறுநாள் மதியம் குழந்தையைத் தூங்கவைத்து இறங்கி வந்தவள், ஃபிலிமை வைத்துப் பார்க்க அடியில் பல்பு பொருத்திய மேசைக் கண்ணாடிமேல் கை ஊன்றினாள். காலையிலிருந்து அவள் விளக்கைப் போடவே இல்லை. கண்ணாடி சுட்டது. அறையில் மூக்கைக் குத்தும் ஒரு வாடை.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்துவிட்டது. அவள் மாடிக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் விளக்கைப் போட்டு, அந்த ஃபிரேமைக் கண்ணாடிமேல் நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஓடுகிற படத்தைச் சூடு ஒன்றும் செய்யாது. நிற்கிற படத்துக்கு அடியில் பல்பு ஓர் அடுப்பு.

“அந்தக் கண்ணைப் பாரு. கொஞ்சம் நகர்த்தினா அந்தப் பார்வை போயிடுது. உனக்கு அவ மேல பொறாமை” என்றான்.

அவள் கத்தரியை எடுத்தாள். ரீலின் வாலில் படமில்லாத ஒரு துண்டை நறுக்கி, பின்வாசலில் பற்றவைத்து, வாளித் தண்ணீருக்குள் அமுக்கினாள். தண்ணீருக்குள்ளும் அது எரிந்தது. இந்த வகை ஃபிலிமுக்கு வெளிக்காற்று வேண்டாம். எரியத் தேவையானது அதற்குள்ளேயே இருக்கிறது. நாள்பட்டுக் கெட்டுப்போனதற்குத் தீக்குச்சியும் வேண்டாம். பல்பின் சூடே போதும்.

“மேல பாப்பா தூங்குறா, அண்ணா.”

புகை அடங்கிய பிறகும் அண்ணன் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

“அப்ப நான் இனிமே அவளைப் பார்க்கவே முடியாதா?”

குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவனிடம் சத்தியம் வாங்கிப் பயனில்லை.

பொழுது சாய்வதற்குள் வேலையை முடித்தாள். மேசையிலிருந்த பல்பைக் கழற்றிவிட்டு, சூடேறாத எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினாள். கறை எட்டாத பக்கத்து ஃபிரேமைப் படமெடுத்து, ஆளுயரத்துக்கு அச்சடித்து, அண்ணன் அறைச் சுவரில் மாட்டினாள். ரீலைக் காற்றுப் போகும் டப்பாவில் வைத்து, குடியிருப்புகளுக்கு அப்பாலுள்ள குளிர்கிடங்கில் சேர்த்தாள். கிடங்குச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.