ஐந்தாம் நடை: படிகள் இல்லை

கணவன் இறந்த இருபதாம் நாள் அவள் வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கும் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அலுவலகத்தில் ஜன்னல் பெரியது, அவ்வளவுதான்.

அவளுடைய வேலை நடப்பது. அந்தப் பழைய கால்வாய் நகரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு சிறு பதிப்பகம் எளிய நடைகள் பற்றிக் கையேடு ஒன்று வெளியிட்டு வந்தது. மூட்டு வலிக்காரர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள், மெதுவாக நடங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியவர்கள் வாங்கும் கையேடு. மொத்தம் பன்னிரண்டு நடைகள். எதுவும் மூன்று கிலோமீட்டரைத் தாண்டாது. ஒவ்வொரு பதிப்புக்கு முன்பும் அவள் எல்லாவற்றையும் நடந்து பார்த்து, எந்தப் பாலத்தில் எத்தனை படி, கைப்பிடி உண்டா, உட்கார இடம் எங்கே, கழிப்பறை திறந்திருக்கிறதா என்று குறித்துக்கொண்டு வருவாள். அலுவலகத்தில் அவளுக்கு ‘அடிக்கோல்’ என்று பெயர். முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நாத்தனார் துணைக்கு வந்து தங்கியிருந்தாள். அண்ணனை நினைத்துக் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை அழுவாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு துணி மடிக்க உட்கார்ந்துவிடுவாள்.

“நீங்களும் ஒரு தடவை அழுதுடுங்க அண்ணி. உள்ளேயே வச்சிருந்தா உடம்புக்கு ஆகாது.”

“வரும்போது வரட்டும்.”

வந்தால் அவள் தடுக்கவா போகிறாள்? பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைத் தொடுவது போல இருந்தது எல்லாம். கன்னம் இருப்பது கைக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை பதிப்பாளர் அவள் மேஜைக்கே வந்து ஒரு கடிதத்தை வைத்தார். தையல் போட்டது போன்ற நேரான கையெழுத்து.

‘ஐயா, உங்கள் கையேட்டில் ஐந்தாம் நடைக்குப் படிகள் இல்லை என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நம்பி என் மனைவியைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனேன். கிடங்குத் தெரு முடிவில் உள்ள பாலத்தில் பதினொரு படிகள் இருக்கின்றன. திரும்பி வந்த சந்தில் மழை. கல் இடுக்கில் முன்சக்கரம் சிக்கி அவள் விழுந்துவிட்டாள். மணிக்கட்டு முறிந்தது. படிகளை எண்ணியவர் யார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இப்படிக்கு, ஒரு தையல்காரர்.’

கீழே முகவரி இருந்தது.

“புத்தகம் வந்த பிறகு பாலத்தை மாத்தியிருப்பாங்க,” என்றார் பதிப்பாளர். “எதுக்கும் போய் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுங்க.”

“சரி.”

அவளுக்குத் தெரியும். போன பதிப்புக்காக அவள் பதினொரு நடைகளைத்தான் நடந்தாள். ஐந்தாவதற்குக் கிளம்பிய அன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அதற்குப் பிறகு பாதி நாட்கள் கட்டில் பக்கத்தில் போயின. அச்சுக்குக் கொடுக்க வேண்டிய கடைசி நாளில் பழைய கையேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாள். பிறகு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. போகவில்லை.

மறுநாள் நாத்தனாரும் கூடவே கிளம்பினாள். கிடங்குத் தெரு முடிவில் இரும்புப் பாலம். ஏற ஆறு, இறங்க ஐந்து. அவள் இரண்டு முறை எண்ணினாள். கீழே ஒருவர் படகைக் கவிழ்த்துப் போட்டு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

“இந்தப் பாலம் எப்ப கட்டினாங்க?” என்று அவள் கேட்டாள்.

“மூணு வருஷம் ஆச்சும்மா. முன்னாடி சரிவா இருந்தது. படகு போக உயரம் பத்தலைன்னு தூக்கிக் கட்டிட்டாங்க.”

கையேடு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. கரையோரப் பெஞ்சில் உட்கார்ந்து நாத்தனாரிடம் நடந்ததைச் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“அண்ணனுக்கு முடியாம இருந்த நேரம் அண்ணி. அதைச் சொன்னீங்கன்னா யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க.”

“அதைச் சொல்ல வேண்டாம்.”

“ஏன்?”

“அவர் மேல போட வேண்டாம்.”

நாத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கால்வாயைப் பார்த்தாள். தண்ணீர் நகர்வது போலவும் இருந்தது, நகராதது போலவும் இருந்தது.

மதியம் பதிப்பாளரிடம் போனாள். “நான் அந்த நடையை நடக்கல. பழசைப் பார்த்து எழுதிட்டேன்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல.”

“ஆமா.”

“யானைக்கும் அடி சறுக்கும்னு விட்டுடலாம்னு பார்த்தா, பதினொரு அடி சறுக்கியிருக்கே!” சிரிப்பை எதிர்பார்த்து அவள் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லாததால் தானும் நிறுத்திக்கொண்டார். “விக்காத பிரதியில எல்லாம் திருத்தம் ஒட்டிடலாம். அவருக்கு நான் மன்னிப்புக் கடிதம் எழுதிடறேன்.”

“நானே நேர்ல போறேன்.”

தையல்காரரின் வீடு கால்வாயை ஒட்டிய கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மெஷின், சுவர் முழுக்க ஹேங்கர்களில் பாதி தைத்த சட்டைகள். உள்ளே போகும் வாசலில், கையில் மாவுக்கட்டோடு, அவர் மனைவி நாற்காலியில் இருந்தாள்.

“நீங்கதானா எண்ணினது?” என்றார் தையல்காரர். உட்காரச் சொல்லவில்லை.

“எண்ணல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“எண்ணாமலேயா இல்லைன்னு எழுதினீங்க?”

“ஆமா.”

“ஒருத்தர் துணி கொண்டு வந்து குடுத்தா, ஆளை அளக்காம நான் போன வருஷத்து அளவுல வெட்டிடுவேனா?”

“மாட்டீங்க.”

“மணிக்கட்டு முறிஞ்சா இந்த வயசுல லேசுல கூடுமா?”

“கூடாது. தப்பு என்னோடதுதான்.”

நாற்காலியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. “கொஞ்சமாவது எதிர்த்துப் பேசுங்கம்மா! நீங்க வரப்போறதா போன் வந்ததுலேர்ந்து மூணு நாளா வசனம் தயார் பண்ணி வச்சிருக்கார் மனுஷன். பாதிகூடத் தீரல.”

தையல்காரர் ஒரு ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். கோபம் போகவில்லை, இடம்தான் கொடுத்தார். தான் மெஷினில் உட்கார்ந்து விட்ட தையலைத் தொடர்ந்தார்.

“உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கறார்?” என்று கேட்டாள் மனைவி, பேச்சை மாற்ற.

“இறந்துட்டார். ரெண்டு மாசம் ஆகப் போகுது.”

மெஷின் நின்றது. கணவனின் சாவை அவள் தன் தப்போடு சேர்த்துச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அந்த அம்மாள்தான் பேச்சை எடுத்தாள். “அந்தப் பாலத்துக்கு அப்பால மூணு கால்வாய் ஒண்ணா சேருதாமே. முப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், பார்த்ததில்ல. அதுக்குத்தான் போனோம்.”

“படி இல்லாம ஒரு வழி கண்டுபிடிச்சுட்டு வரேன்,” என்றாள் அவள்.

மூன்று நாள் தேடினாள். வாடகைக்கு ஒரு சக்கர நாற்காலி எடுத்து, அதில் நாத்தனாரை உட்கார வைத்துத் தள்ளிப் பார்த்தாள்.

“உட்கார்றேன் அண்ணி. ஆனா மறதியா தண்ணிக்குள்ள விட்டுடாதீங்க.”

சந்தைக்குப் பின்னால் போன வழியில் நடைமேடை உயரமாக இருந்தது. அச்சகத் தெருவில் கல் பெயர்ந்து, நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் ஒரு தட்டைப் படகு கிடைத்தது. சைக்கிள்காரர்களைக் கரை மாற்றுவது. பலகையைப் போட்டால் சக்கரம் நேராக ஏறியது. ஐநூறு மீட்டர் கூடுதல். படிகள் இல்லை. குறித்துக்கொண்டாள். வேலை சரியாக முடிந்தால் முன்பெல்லாம் ஒரு நிறைவு வரும். இப்போது வரவில்லை. ஆனாலும் இன்னொரு முறை நடந்து சரிபார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நால்வரும் போனார்கள். படகில் ஏறும்போது தையல்காரர் தன் மனைவியின் தோளைப் பிடித்த பிடியை அக்கரை வரும்வரை விடவில்லை.

மூன்று கால்வாய்கள் சேரும் இடத்தில் பழுப்புத் தண்ணீர் மெதுவாகச் சுழன்றது. ஒரு பிளாஸ்டிக் பாட்டில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

“இவ்வளவுதானா?” என்றார் தையல்காரர்.

“இவ்வளவுதான்,” என்றாள் அவள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள் நாற்காலியில் இருந்தவள். வெயில் முகத்தில் பட, கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்து தூங்கிப் போனாள்.

“கை வலியில ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல,” என்று தையல்காரர் மெல்லச் சொன்னார். “எழுப்ப மனசு வரல.”

அந்தக் கரை லேசாகச் சரிந்திருந்தது. பிரேக் போட்டும் நாற்காலி விரற்கடை விரற்கடையாக நகர்ந்தது. அவள் பின்னால் நின்று பிடித்துக்கொண்டாள். தையல்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வாக்கிலேயே அவருக்கும் கண் சொருகியது.

கால் மணி நேரம் போயிருக்கும். “மாத்திக்கவா அண்ணி?” என்று நாத்தனார் கிசுகிசுத்தாள்.

“வேண்டாம்.”

இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. விரல்கள் வலித்தன. தோளுக்கு ஏறியது வலி. அவள் பிடியை மாற்றவில்லை.

அந்த அம்மாள் பாதிக் கண் திறந்தாள். “நேரமாச்சாம்மா?”

“இல்ல. தூங்குங்க.”