ஷமாவின் நாற்பது

கூத்தாநல்லூரில், சலாஹுதீனின் நாட்டு மருந்துக் கடையில் கமருன்னிஸா பேறுகால மருந்துச் சாமான் வாங்கிய அன்றே, பாதித் தெருவைப் பொறுத்தவரை அவருடைய மருமகள் ஷமாவுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. சுக்கு, மிளகு, திப்பிலி, சதகுப்பை, ஓமம் என்று அடுக்கிக்கொண்டே போய், "நல்ல சாமானா பாத்துப் போடு தம்பி, வயித்துப் புண்ணு ஆறணும்" என்று ஒரு மாமியார் கேட்டால் கடைக்காரர் வேறு என்னதான் நினைப்பார்? நடந்ததோ நேர்மாறான சங்கதி. முப்பத்திரண்டு வயதில் ஷமாவின் கர்ப்பப்பையைத் தஞ்சாவூரில் எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஒரே மகள் அஃப்ரா பிறந்து இரண்டு மூன்று வருடத்தில் ஆரம்பித்த தொல்லை அது. ஐந்து நாள் என்பது பத்து நாளாகி, கடைசி ஒரு வருடமாக ரத்தம் நிற்கிற நாள் எது என்று தேட வேண்டியதாயிற்று. கர்ப்பப்பைச் சுவர் தடித்து வீங்கி, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிறு முன்னால் வந்துவிட்டது. மாத்திரை, ஊசி, உள்ளே வைக்கிற சாதனம் எல்லாம் பார்த்தாயிற்று. எங்கே போனாலும் கைப்பையில் ஒரு கறுப்புத் துண்டு இருக்கும். உட்காருவதற்கு முன்னால் அதை விரித்துக்கொள்வாள். போகப்போக, போவதையே விட்டுவிட்டாள். கல்யாண வீட்டுக்கு வராதவளைக் கர்வக்காரி என்றார்கள். சொல்கிறவர்களுக்கு வாய் வலிக்கவா போகிறது!

"ரத்தம் ஆறுதான் இருக்கு. இப்படியே ஓட்டுனா ஒருநாள் மயங்கி விழுந்து எந்திரிக்க மாட்டீங்க" என்றார் தஞ்சாவூர் டாக்டரம்மா. "எடுத்துடலாம். சினைப்பை ரெண்டும் அப்படியே இருக்கும். நாளைக்கே கிழவி ஆயிட மாட்டீங்க, பயப்படாதீங்க."

ஷமாவுக்கு அதைக் கேட்டதும் வந்தது பயம் இல்லை. நிம்மதி. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. குவைத்தில் கடை வேலையில் இருந்த ஜாஃபர் சாதிக் போனில், "நீ நல்லா இருந்தா போதும் ஷமா. உம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். பேசவும் செய்தான். அதற்குப் பிறகு இரண்டு நாள் கமருன்னிஸா மருமகளிடம் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மீன் அரிந்துகொண்டே திறந்தார்.

"ஒரு ஆம்பளப் புள்ளயப் பெத்துட்டு எடுத்தா ஆவாதாமா?"

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே மாமி."

கமருன்னிஸா மீனின் செதிலைச் சீவினார். "சரி, எடுத்துக்க. ஆனா யாரு கேட்டாலும் கட்டின்னு மட்டும் சொல்லு. கர்ப்பப்பைன்னு வெளியில வாயத் தொறக்காத. இந்த வயசுலன்னா ஊரு என்னென்னமோ பேசும்" என்றார்.

கத்தியைவிட ஷமாவுக்கு அந்த வார்த்தைதான் ஆழமாக இறங்கியது. உடம்பு தேறிவிடும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு இந்த வீட்டில் மறைத்து வைக்க வேண்டிய ஒரு விஷயமாகத்தான் தான் இருக்கப்போகிறோமா? ஆள் வந்தால் மாமி பேச்சை மாற்ற, தான் உள்ளே போய் நின்றுகொள்ள, காலம் முழுக்க இப்படியா?

அறுவைக்கு உடம்பைத் தயார் செய்வதே பெரிய பாடாக இருந்தது. நரம்பில் இரும்புச்சத்து ஏற்றினார்கள், ரத்தமும் ஏற்றினார்கள். ரத்தம் ஊறும் என்று ஆட்டுச் சுவரொட்டியைத் தவிர வேறு எதையும் கமருன்னிஸா அவள் தட்டில் வைக்கவில்லை. ரத்தம் பத்தைத் தொட்டதும் நாள் குறித்தார்கள். மன்னார்குடி வழியாகக் காரில் போகும்போது இரண்டு பக்கமும் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. ஷமா கறுப்புத் துண்டை விரித்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமி தஸ்பீஹ் மணியை உருட்டியபடி வந்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். உம்மா ஊருக்குப் போகிறாள் என்று அஃப்ரா ஆசையாக வைத்துவிட்ட மருதாணி, பத்து நகத்திலும் சிவந்து கிடந்தது. "விரல்ல மாட்டுற மிஷின் சரியாக் காட்டாதும்மா. ஒரு நகத்தையாவது சுரண்டிக் குடுங்க" என்றாள். கமருன்னிஸா ஒரு பிளேடை வாங்கிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தார். "கைய ஆட்டாத" என்று இரண்டு தடவை அதட்டினார். ஆடியது அவருடைய கைதான்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. தெளிவாகக் கண் விழித்தபோது அடிவயிற்றில் தையல் சுள்ளென்று இழுத்தது, வாய் வறண்டு கிடந்தது. மாமி கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முகம் என்னவோ போல் இருந்தது. எதையோ பார்த்துப் பயந்தவர் மாதிரி. "என்ன மாமி?" என்று கேட்டதற்கு, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்றிவிட்டார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த மறுநாள்தான் சலாஹுதீன் கடைச் சாமான் இறங்கியது. வயிற்றைக் கவனிக்க வேண்டுமென்றால் கமருன்னிஸாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறைதான். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் என்ன செய்வார்களோ, அதை அட்சரம் பிசகாமல் ஷமாவுக்குச் செய்ய ஆரம்பித்துவிட்டார். மருந்து இடித்து, கருப்பட்டி போட்டுக் கிண்டி, காலையில் ஒரு உருண்டை. மதியம் பூண்டுக் குழம்பு. வாரம் இரண்டு தடவை பால்சுறாப் புட்டு.

"மாமி, சுறாப் புட்டு பால் சுரக்கத்தானே குடுப்பாங்க? இங்க பால் குடிக்க யாரு இருக்கா?"

"வாய மூடிக்கிட்டுத் தின்னு."

தண்ணீர் விஷயத்தில்தான் சண்டை. பிள்ளை பெற்ற வயிற்றுக்குத் தண்ணீர் ஆகாது என்பது கமருன்னிஸா கட்சி. நிறையக் குடிக்கணும், தினமும் நடக்கணும், கனமாக எதையும் தூக்கக் கூடாது என்பது டாக்டரம்மா கட்சி. ஷமா டாக்டரம்மாவுக்கே போன் போட்டு மாமி காதில் வைத்துவிட்டாள். மாமி "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று பத்துத் தடவை சொல்லிவிட்டு, வெந்நீரில் சீரகத்தைப் போட்டு ஒரு பெரிய சொம்பு நிறையக் கொண்டுவந்து ணங்கென்று வைத்தார். குடித்து முடிக்கும்வரை நகரவில்லை. நடக்கும்போதும் கூடவே கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக வந்தார்.

ஒருநாள் காலையில் ஷமா எழுந்ததும், வழக்கம்போல் போர்வையை விலக்கி விரிப்பைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இனி ஒன்றும் இருக்காது என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நாளைக்கு இல்லை, அடுத்த மாதம் இல்லை, இனி எப்போதுமே இல்லை. வெள்ளை விரிப்பில் படுக்கலாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேளாங்கண்ணிக் கடற்கரை வரை போகலாம். சிரித்தாள், தையல் வலித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். ரத்தப்போக்கால் அடிக்கடி தடைப்பட்டிருந்த தொழுகையை அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஐந்து வேளையும் தொழுதாள்.

நாற்பதுக்கு முந்தின நாள், மூன்றாவது வீட்டு ஃபஹ்மிதா வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. குழந்தை சோப்பு, பவுடர், உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் சட்டை ஒன்று. வாசலிலேயே, "பொறந்து இத்தன நாளாவுது, ஒரு வார்த்த சொல்லல பாத்தியா! எங்க தொட்டில்? என்ன புள்ள?" என்று கேட்டுக்கொண்டே கூடத்துக்குள் வந்துவிட்டாள். கதவு திறந்தே கிடந்தது. பின்னாலேயே எதிர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஷமா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வந்துவிட்டது அந்த நேரம். மாமி கட்டி என்று சொல்லப்போகிறார். இல்லையென்றால் பிள்ளை தங்கவில்லை என்று ஒரு பொய். எதைச் சொன்னாலும் இனி சாகும்வரை தானும் அதையே சொல்லியாக வேண்டும்.

கமருன்னிஸா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார். பையைப் பார்த்தார். மஞ்சள் சட்டையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

"புள்ள இல்ல ஃபஹ்மிதா. இவளுக்குக் கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க."

"யா அல்லாஹ்! இந்த வயசுலயா லாத்தா?"

"இந்த வயசுலதான்." குரல் தெருவுக்கே கேட்டது. "எடுத்துத் தட்டுல வச்சு எங்கிட்ட காட்டினாங்க. உரிச்ச தேங்கா அளவு இருந்துச்சு. அதச் சொமந்துக்கிட்டுத்தான் இவ எனக்கு ஆக்கிப் போட்டா, துணி தொவச்சா, அரிசி மூட்டைய இழுத்து வச்சா. நான் என்னடான்னா ஆம்பளப் புள்ள கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா மையத்தத் தூக்கியிருப்போம். பொழச்சு வந்துட்டா, அல்ஹம்துலில்லாஹ். இதுல மறைக்க என்ன இருக்கு?"

ஷமா மாமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு விஷயம் அவளுக்கு இன்றுவரை தெரியாது. நெஞ்சில் ஏதோ ஒன்று அவிழ்ந்து, மூச்சு அடிவயிறு வரை தடையில்லாமல் போய் வந்தது.

ஃபஹ்மிதா பாவம், முகம் சுண்டிப்போய்ப் பையை மெல்ல எடுத்தாள். "தெரியாம வந்துட்டேன் லாத்தா. மன்னிச்சுக்கங்க."

"பைய வை. பாக்க வந்தவ கொண்டாந்தத திரும்ப எடுத்துட்டுப் போவக் கூடாது. உக்காரு, டீ போடுறேன். தெருவுல யாராச்சும் கேட்டா நான் சொன்னபடியே சொல்லு. கட்டி, கிட்டின்னு மாத்திச் சொல்லாத."

மறுநாள் நாற்பது. நொச்சித்தழை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைப் பதமாக விளாவி, ஷமாவைக் குளியலறையில் முக்காலியில் உட்கார வைத்தார் கமருன்னிஸா. பிறகு இடுப்பில் செருகியிருந்த குழந்தை சோப்பை எடுத்து அட்டையைப் பிரித்தார்.

"மாமி, அது புள்ளைக்குப் போடுற சோப்பு."

"எனக்குத் தெரியும். தலயக் குனி."

முதுகில், தோளில், பின்கழுத்தில் என்று அவசரமே இல்லாமல் தேய்த்தார். சோப்பு வாசனை அறை முழுக்கப் பரவியது. முதல் சொம்புத் தண்ணீர் தலையில் விழுந்ததும் ஷமாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என்ன, கண்ணுல சோப்பு பட்டுடுச்சா?" என்றார் மாமி.

கண்ணில் எரியாது என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதனால் சோப்பின் மேல் பழியைப் போட ஷமாவுக்கு வழியில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். கமருன்னிஸா அடுத்த சொம்பை மொண்டு ஊற்றினார்.